லாரி கோகன் வாசித்த பட்டியல்: வாசகர் கேள்வி–பதில்

அயர்லாந்தில் வளர்ந்தவர்களின் சிறுவயதுப் பாட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சினிமாப் பாட்டுகள் அல்ல. கடையில் விற்ற சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு) இசைத்தட்டுகள், அவற்றை வாராவாரம் வரிசைப்படுத்தி வானொலி வாசித்த பட்டியல், அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகள் ஆகியவை பற்றிய கேள்விகள்.

கே: என் ஐரிஷ் தோழி 1972 தொடக்கத்தில் கால்வேயில் பிறந்தவர். பிறந்த வாரத்தில் முதலிடத்தில் இருந்த பாட்டைக் கண்டுபிடித்துத் தட்டாகவே வாங்கிக் கொடுக்க ஆசை. இணையத்தில் தேதியைப் போட்டதும் ஒரு பாட்டைக் காட்டுகிறது. நம்பலாமா? (வாசகி, கார்க்)

ப: நம்பி வாங்கிவிடாதீர்கள். ‘பிறந்தநாள் பாட்டு’ காட்டும் பக்கங்களில் பெரும்பாலானவை பிரிட்டன் பட்டியலையோ அமெரிக்கப் பட்டியலையோதான் காட்டும். அயர்லாந்துக்கு 1962 அக்டோபரிலிருந்து தனிப் பட்டியல் உண்டு. தேசிய வானொலியான ஆர்.டி.ஈ. அதை ஒலிபரப்பியது. அண்டை நாடு, ஒரே மொழி, கடையில் அதே தட்டுகள் என்பதால் பல வாரங்களில் இரண்டு பட்டியலும் ஒத்துப்போகும். மீதி வாரங்களில்தான் தவறு நேரும்.

உங்கள் தோழி பிறந்த காலமே இதற்கு நல்ல உதாரணம். 1971 ஆகஸ்டில், பிரிட்டன் ஆட்சியின் கீழ் இருக்கும் வட அயர்லாந்தில் விசாரணையில்லாமல் சிறைவைக்கும் சட்டம் வந்தது. அதைப் பற்றிப் பார்லிகார்ன் குழு பாடிய ‘த மென் பிஹைண்ட் த வயர்’ 1972 தொடக்கத்தில் அயர்லாந்தில் முதலிடத்தில் இருந்தது. அந்த ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தினரைச் சுட்டது. அதையடுத்துப் பால் மெக்கார்ட்னி வெளியிட்ட ‘கிவ் அயர்லாந்து பேக் டு த ஐரிஷ்’ பாட்டை பிபிசி தடை செய்தது. அயர்லாந்தில் அதுவும் முதலிடத்துக்கு வந்தது. பிரிட்டன் பட்டியலின் உச்சியில் இந்த இரண்டையும் தேடினால் கிடைக்காது.

கையிலிருக்கும் பட்டியல் எந்த நாட்டுடையது என்று சோதிக்க எளிய வழி: 1990 கோடையைப் பாருங்கள். அயர்லாந்து கால்பந்து அணியின் உலகக் கோப்பைப் பாட்டான ‘புட் எம் அண்டர் பிரஷர்’ வாரக்கணக்காக முதலிடத்தில் இருந்தால் அது ஐரிஷ் பட்டியல். ஜூனில் இங்கிலாந்து அணியின் பாட்டான ‘வேர்ல்ட் இன் மோஷன்’ இருந்தால் அது பிரிட்டனுடையது.

தேதியிலும் கவனம் வேண்டும். பட்டியலுக்கு மேல் போட்டிருப்பது அது வெளியான நாள். பிறந்த தேதி இரண்டு பட்டியல்களுக்கு நடுவில் விழுந்தால் முந்தையதை எடுங்கள், அன்று நடப்பில் இருந்தது அதுதான். இன்னொன்று, தோழி கால்வேக்காரர் என்பதால் ஐரிஷ் பட்டியல் சரி. டெரியிலோ பெல்ஃபாஸ்டிலோ பிறந்தவராக இருந்தால் பிரிட்டன் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வடக்கின் கடைகள் அந்தக் கணக்கில் வருபவை.

ஒரு யோசனையும் சொல்லிவிடுகிறோம். மேலே சொன்ன இரண்டு பாட்டுகளுமே அரசியல் காயத்திலிருந்து பிறந்தவை. பிறந்தநாள் மேசையில் அவற்றைப் போடலாமா என்பதைத் தோழியின் வீட்டார் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கே: ஊரெல்லாம் பாடியதாக எல்லோரும் சொல்லும் பாட்டு பட்டியலில் முதலிடத்தில் இல்லை. யாருக்கும் நினைவில்லாத பாட்டு முதலிடத்தில் இருக்கிறது. ஏன்? (வாசகர், டப்ளின்)

ப: முக்கியமான காரணம், எதை எண்ணினார்கள் என்பது. 1992 வரை ஐரிஷ் பட்டியல் கணக்கில் எடுத்தது கடையில் ஆள் காசு கொடுத்து வாங்கிய தட்டுகளை அல்ல. கம்பெனிகள் கடைகளுக்கு அனுப்பிய தட்டுகளைத்தான். பெரிய பெயருள்ள பாடகரின் புதுத் தட்டு வருகிறது என்றால் கடைக்காரர்கள் முன்கூட்டியே பெட்டி பெட்டியாக இறக்கிவிடுவார்கள். பட்டியலில் அது உடனே மேலே ஏறும். அந்தப் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் தூங்கினாலும் கணக்கு கணக்குத்தான். நாலைந்து தட்டாக வாரம் தவறாமல் விற்ற பாட்டு மேலே போகாமல் நடுவிலேயே நெடுநாள் நிற்கும். 1992-இல்தான் கடை விற்பனைக் கணக்குக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய பட்டியலைப் படிக்கும்போது ‘முதலிடம்’ என்பதைக் கடைக்காரரின் எதிர்பார்ப்பு என்று பாதியாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எத்தனை வாரம் பட்டியலில் நின்றது என்ற கணக்கைத்தான் நாங்கள் அதிகம் மதிக்கிறோம். குளோரியா என்ற பாடகி 1977–78-இல் பாடிய ‘ஒன் டே அட் அ டைம்’ என்ற பக்திப் பாட்டு 90 வாரம் பட்டியலில் இருந்தது. முதலிடத்துக்கும் வந்தது. 90 வாரத்துக்கு அலமாரிக் கணக்கு போதாது. ஞாயிறு பூசைக்குப் போய் வந்த வீடுகள் அதை உண்மையாகவே வாங்கியிருக்கின்றன.

இரண்டாவது காரணம் வானொலி. 1967-இல் த டப்ளினர்ஸ் பாடிய ‘செவன் டிரங்கன் நைட்ஸ்’ ஆபாசம் என்று ஆர்.டி.ஈ. ஒதுக்கி வைத்த பாட்டு. ஏழு இரவுகளைப் பற்றிய பாட்டில் அவர்கள் பாடியது ஐந்தைத்தான், மீதி இரண்டு அச்சேறாது. கடலில் கப்பலிலிருந்து ஒலித்த ரேடியோ கரோலைன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. அயர்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் 7-ஆம் இடம்.

மூன்றாவது, அண்டை நாட்டுத் தொலைக்காட்சி. கிழக்குக் கரையோர வீடுகளில் உயரமான ஆன்டெனா வைத்து பிபிசி பார்த்தார்கள். மேற்கே மேயோவில் அது கிடைக்கவில்லை. ஒரே வயதுடைய இரண்டு ஐரிஷ்காரர்களின் நினைவு வேறு வேறாக இருப்பதற்கு இதுவே போதும். பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகக் கிளானட் குழு பாடிய ‘தீம் ஃப்ரம் ஹாரிஸ் கேம்’ (1982) ஐரிஷ் மொழியில் அமைந்தது. பிரிட்டனில் 5-ஆம் இடத்துக்குப் போனது, அயர்லாந்தில் 2-ஆம் இடத்தோடு நின்றது. கேட்டவர்களின் நினைவில் மட்டும் அது எப்போதும் முதலிடம்தான்.

கே: லாரி கோகன் என்ற பெயரை ஐரிஷ் நண்பர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். யார் அவர்? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: பல பத்தாண்டுகள் ஐரிஷ் பட்டியலை வானொலியில் வாசித்தவர். 1979 மே 31 அன்று ஆர்.டி.ஈ. இளைஞர்களுக்கென்று ரேடியோ 2-ஐத் தொடங்கியபோது முதல் தட்டைச் சுழலவிட்டவரும் அவர்தான். 2020 ஜனவரியில் காலமானார். தொலைக்காட்சிப் பக்கம் வின்சென்ட் ஹான்லி. 1984 முதல் 1987 வரை நியூயார்க் தெருவில் நின்றபடி ‘எம்.டி. யுஎஸ்ஏ’ நிகழ்ச்சியை நடத்தியவர். ஞாயிறு பிற்பகலில் மூன்று மணி நேரம் பாட்டு வீடியோ. அந்த வயதுக்காரர்களிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிப் பாருங்கள், பேச்சு தானே தொடங்கிவிடும்.

கே: என் மருமகன் டப்ளினில் 1980-இல் பிறந்தவர். அவருடைய தங்கைகளும் குடும்பத்தோடு வருகிறார்கள். விருந்தில் எல்லோரும் சேர்ந்து பாடும்படி ஒரு மணி நேரத்துக்குப் பாட்டு வரிசை வேண்டும். (வாசகி, சென்னை)

ப: அவருக்கு 6 வயதிலிருந்து 20 வயது வரை, அதாவது 1986–2000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 15 பாட்டு அடங்கும். ஆனால் 8 அல்லது 9 போதும். ஒரே பாட்டை மறுபடி கேட்பார்கள், நடுவில் கதை ஓடும்.

சாப்பாட்டு நேரத்தில் ‘ஹோல்ட் மீ நவ்’ (1987). ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஜானி லோகன் எழுதிப் பாடி வென்ற பாட்டு. 1980-இலும் அவரே வென்றிருந்தார். பின்னாலேயே ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ (1990). எழுதியவர் அமெரிக்கரான பிரின்ஸ், உலகமே அறியப் பாடியவர் டப்ளின்காரரான ஷினேட் ஓகானர். தட்டு கழுவும் நேரத்துக்குக் குரல் உயரட்டும்: த டப்ளினர்ஸும் த போக்ஸும் சேர்ந்து பாடிய ‘தி ஐரிஷ் ரோவர்’ (1987), பிறகு ட்யூம் என்ற சிற்றூரிலிருந்து வந்த சா டாக்டர்ஸ் குழுவின் ‘ஐ யூஸ்டா லவர்’. இது 1990 இலையுதிர் காலத்தில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அந்த வருடத்தின் பெரிய பாட்டு அதற்கு முன்னமே வந்துவிட்டது. ‘புட் எம் அண்டர் பிரஷர்’, 13 வாரம் முதலிடம். இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் அயர்லாந்து முதல்முறையாக ஆடிய வருடம். தயாரித்தவர் யூ2 குழுவின் டிரம்மர் லாரி மல்லன். தொடக்கத்தில் கிளானட் குழுவின் பாடகி மோயா பிரெனனின் குரல் மட்டும் மிதந்து வரும். அது அடங்கியதும் ஒரு கிட்டார் சுழற்சி இடியாக இறங்கும். அது ஹார்ஸ்லிப்ஸ் குழு 1973-இல் வெளியிட்ட ‘ஜாரக் டூம்’ பாட்டிலிருந்து எடுத்தது. ஹார்ஸ்லிப்ஸ் அதை ‘ஓ’நீல்ஸ் மார்ச்’ என்ற பழைய நடை மெட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். நூற்றாண்டுகள் பழைய மெட்டு ராக் பாட்டாகி, பிறகு கால்பந்துப் பாட்டாகி, மைதானத்து ‘ஓலே ஓலே’ முழக்கத்தோடு கலந்துவிட்டது. தலைப்பு, பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன் தன் ஆட்டமுறையைச் சொன்ன வாசகம். ஜூன் 25 அன்று ஜெனோவாவில் ருமேனியாவோடு பெனால்டி வரை போனது ஆட்டம். கோல்கீப்பர் பாக்கி பானர் ஒன்றைத் தடுத்தார், டேவிட் ஓலீரி கடைசியை உள்ளே அடித்தார். ஜூன் 30 அன்று ரோமில் இத்தாலியிடம் 1–0 என்று தோற்று ஊர் திரும்பினார்கள். அப்போது உங்கள் மருமகனுக்கு 10 வயது. இந்தப் பாட்டை நடுவில் போடுங்கள், தொடக்கத்தை வெட்டாதீர்கள். பிரெனன் குரலைக் கேட்டு எல்லோரும் எழுந்து நிற்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இதைப் போடுவதே.

பிறகு ‘ரிவர்டான்ஸ்’. 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் நடந்த யூரோவிஷனில், ஓட்டு எண்ணும் இடைவேளையை நிரப்ப பில் வீலன் அமைத்த இசை. போட்டியில் வென்ற பாட்டைவிட இடைவேளை பெரிதாகிவிட்டது. தட்டாக வந்து 18 வாரம் முதலிடத்தில் இருந்தது. மெதுவாகக் கூட்டுக்குரலில் தொடங்கும், ஆட்டம் பிற்பாதியில்தான். தங்கைகள் ஆடுவார்கள் என்றால் மேசை நாற்காலியை முதலிலேயே நகர்த்திவிடுங்கள். அதையடுத்து ‘செ லா வீ’ (1998). டப்ளினில் தொடங்கிய பி*விட்ச்ட் என்ற நான்கு பெண்கள் குழு பாடியது, இதிலும் நடுவில் ஐரிஷ் நடனத் துண்டு உண்டு. கடைசியில் ‘மேனியாக் 2000’, 10 வாரம் முதலிடம். 1983-இன் அமெரிக்கப் பாட்டின் மேல் மார்க் மெக்கேப் என்ற டீஜே கத்தியும் பேசியும் செய்த கலவை. வெளியாருக்கு இரைச்சலாகப்படும். அந்த வயது ஐரிஷ்காரர்களுக்கு ஒவ்வொரு கத்தலும் மனப்பாடம்.

த போக்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டான ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ அயர்லாந்தில் 1987 கிறிஸ்துமஸ் முதலிடம், பிரிட்டனில் 2-ஆம் இடம். டிசம்பராக இல்லாவிட்டால் சேர்க்க வேண்டாம்.

கே: டானா பாடிய ‘ஆல் கைண்ட்ஸ் ஆஃப் எவ்ரிதிங்’ குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கிறது. அதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? (வாசகர், டப்ளின்)

ப: அயர்லாந்தின் முதல் யூரோவிஷன் வெற்றி என்பதால். 1970 மார்ச் 21, ஆம்ஸ்டர்டாம். டெரியில் வளர்ந்த 18 வயதுப் பெண், முக்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். 32 புள்ளிகள், பிரிட்டனுக்கு 26. ஊரில் கலவரம் மூண்டிருந்த காலத்தில் வடக்கில் வளர்ந்த பெண் தெற்கின் சார்பில் பாடி வென்றார். அயர்லாந்தில் 9 வாரம் முதலிடம், பிரிட்டனிலும் முதலிடம். மெட்டு எளிமையானது என்பது உண்மைதான். வகுப்பறை முழுவதும் பாட முடிந்தது அதனால்தான்.

கே: என் மாமியார் வீட்டுப் பரணில் 1984–88-இல் வானொலியிலிருந்து பதிந்த 12 கேசட்டுகள் கிடைத்தன. ஒன்று கீச்சிடுகிறது, சிலவற்றில் குரல் போர்வைக்குள் இருந்து வருவது போலிருக்கிறது. கணினியில் ஏற்றுவது எப்படி? (வாசகி, லிமரிக்)

ப: முதலில் கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தகடுகளை ஒடித்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அமுக்கினாலும் பாட்டு அழியாது.

பிறகு நாடா வெளியே தெரியும் விளிம்பைப் பாருங்கள். நடுவில், பிளேயரின் ஹெட்டோடு (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) நாடாவை அழுத்தும் குட்டிக் கம்பளித் துண்டு இருக்கிறதா? பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டில் ஒட்டாது, ஒலி மங்கும், ஏறி இறங்கும். கீச்சிடும் கேசட்டை ஒரு முறை கடைசி வரை முன்னோக்கியும் மறுமுறை பின்னோக்கியும் ஓட்டுங்கள். பெரும்பாலும் நாடாச் சுற்றுகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் காரணம். அப்படியும் போகவில்லை என்றால் கூடு வளைந்திருக்கும். திருகாணி போட்ட கூடாக இருந்தால் ஐந்து திருகாணியையும் கழற்றி, இரண்டு சுருள்களையும் அப்படியே தூக்கி நல்ல கூட்டில் வையுங்கள். நாடா அறுந்திருந்தால் அதற்கென்று விற்கும் ஒட்டுநாடா போடுங்கள். சாதாரண செல்லோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது, எளிதில் சிக்கும். அதை வேகமாகச் சுற்றி நடுவில் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

டெக்கின் ஹெட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், குச்சி பழுப்பாகாமல் வரும்வரை. ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலைக் குறைவாகப் பயன்படுத்துங்கள், ரப்பர் இறுகிவிடும். இதை ஒவ்வொரு மூன்று கேசட்டுக்கும் ஒரு தடவை செய்யுங்கள்.

போர்வை போட்ட மாதிரி ஒலிப்பதற்கு முக்கியமான காரணம் ஹெட்டின் சாய்வு. வீட்டு ரேடியோ–கேசட் பெட்டி ஒவ்வொன்றிலும் ஹெட் சற்று வேறு கோணத்தில் இருந்தது. அதில் பதிந்ததை வேறு பெட்டியில் போட்டால் உயர் ஒலிகள் உதிர்ந்துவிடும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு திருகாணி இருக்கும். ஒலியை மோனோவுக்கு மாற்றிக்கொண்டு, பாட்டு ஓடும்போதே திருகாணியை மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. ‘ஸ்’ ஒலியும் சிம்பல் ஒலியும் எங்கே மிகத் தெளிவாக வருகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். தொடங்குமுன் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கணினியில் ஏற்றிவிட்டுப் பிறகு ட்ரெபிளைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) பொத்தானை அணைத்தே வையுங்கள். அந்தக் காலப் பெட்டிகள் பெரும்பாலும் டால்பி இல்லாமல் பதிந்தவை.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச ஒலி –6 டெசிபல் தாண்டக் கூடாது. 60 நிமிட கேசட்டுக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க ஒரே கோப்பாக எடுங்கள், பாட்டு பாட்டாக நிறுத்தி நிறுத்தி எடுக்காதீர்கள். வேகம் தவறியிருக்கிறதா என்று பார்க்க அதே பாட்டின் அசல் பதிவோடு ஒப்பிடுங்கள். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை அசலில் 200 நொடி, கேசட்டில் 194 நொடி என்றால் கேசட் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. மென்பொருளில் வேகத்தை –3 ஆக்குங்கள். ‘டெம்போ’ என்ற கட்டளையைத் தொடாதீர்கள், அது சுருதியை மாற்றாது. 6 சதவீதம் தவறினால் சுருதியே அரை ஸ்வரம் தள்ளிப்போகும்.

பாட்டின் முன்னிசை மேல் அறிவிப்பாளர் பேசியிருப்பதை வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அசல் பாட்டு எங்கும் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையின் அறிவிப்பு உங்கள் கேசட்டில் மட்டும்தான் இருக்கும். தேதி எழுதாத கேசட்டுக்கு அந்தப் பேச்சே ஆதாரம்: ‘இந்த வாரம் 8-ஆம் இடம், 7-ஆம் இடம்’ என்று மூன்று பாட்டுகளின் இடம் காதில் விழுந்தால் போதும், ஐரிஷ் பட்டியலில் அந்த மூன்றும் அதே இடத்தில் இருக்கும் வாரத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

கே: 7 அங்குலத் தட்டுகள் சில கிடைத்தன. ஒன்றில் நடுத்துளை பெரிதாக இருக்கிறது. எப்படிப் போடுவது? கழுவலாமா? (வாசகர், சென்னை)

ப: பெரிய துளை ஜூக்பாக்ஸுக்காக (காசு போட்டால் பாடும் பெட்டி) வெட்டியது. 38 மில்லிமீட்டர் வட்ட அடாப்டர் வாங்கி நடுவில் வைத்தால் எந்தப் பிளேயரிலும் ஓடும். வேகம் 45. பெட்டி வடிவ மலிவு பிளேயரில் போடாதீர்கள். அவற்றில் ஊசி அழுத்தம் 5 கிராம் வரை போகும், நல்ல பிளேயரில் 2 கிராம் அளவுதான். கழுவ, காய்ச்சி வடித்த நீர் 3 பங்கு, ஐசோபுரோப்பைல் 1 பங்கு. மெல்லிய துணியால் வரித்தடத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது. நடு லேபிளில் நீர் படவே கூடாது. பெட்டியில் 78 வேகத் தட்டும் இருந்தால் அதில் ஆல்கஹால் வேண்டாம், அரக்கு கரைந்துவிடும்.

கே: இணையத்தில் பாட்டைப் போட்டுக் காட்டினால் ‘இது அது இல்லை’ என்கிறார் என் கணவர். பாட்டு அதேதானே? (வாசகி, வாட்டர்ஃபோர்ட்)

ப: அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தின் லிஸ்ஸியின் ‘விஸ்கி இன் த ஜார்’ வானொலியில் சுருக்கிய வடிவில் ஒலித்தது. முழுப் பதிவு ஐந்தரை நிமிடத்துக்கு மேல். ஜானி லோகன் தன் 1980 யூரோவிஷன் பாட்டான ‘வாட்ஸ் அனதர் இயர்’ பாட்டைப் பிற்காலத்தில் மறுபடி பாடியிருக்கிறார். உங்கள் ஊர்க்காரர்களான ராயல் ஷோபாண்ட் மாதிரியான பழைய குழுக்களின் பாட்டுகளும் மறுபதிவாக நிறைய சுற்றுகின்றன. 1963-இல் ‘கிஸ் மீ குவிக்’ பாட்டால் முதலிடம் பிடித்த முதல் ஐரிஷ் குழு அவர்கள்தான். பாட்டின் பெயருக்குக் கீழே உள்ள ஆண்டை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் தொகுப்பு வெளியான ஆண்டு. பாட்டின் நீளத்தைத் தட்டின் லேபிளில் அச்சிட்ட நீளத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுத்த பதிவைத் தேடுங்கள்.